மெய்நிகர் இயந்திர இடமாற்றத்தில் தொடக்கச் சிக்கல்கள்

மெய்நிகர் இயந்திரம் ஒன்றை ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து வேறொரு ஹைப்பர்வைசருக்கு மாற்றும்போது, அதன் வட்டுக் கோப்பு முழுமையாக நகலெடுக்கப்பட்ட பின்னரும் இயக்குதளம் தொடங்க மறுப்பது அடிக்கடி ஏற்படும் சிக்கலாகும். கறுப்புத் திரை, நீலத் திரை, பாதியில் நிற்கும் லினக்ஸ் கட்டளைத் தூண்டி எனப் பல வடிவங்களில் இது தோன்றும். இவற்றைக் காணும் நிர்வாகிகள் வட்டு சேதமடைந்துவிட்டது என்று எண்ணி, இயக்குதளத்தை மறுபடியும் நிறுவ முற்படுவதுண்டு. உண்மையில் பெரும்பாலான நேரங்களில் வட்டிலுள்ள தரவு அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது அந்த வட்டைச் சுற்றியுள்ள மெய்நிகர் வன்பொருள் மட்டுமே. இக்கட்டுரை விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ தளத்திலிருந்து கேவிஎம் அடிப்படையிலான தளங்களுக்கு, குறிப்பாகப் பிராக்ஸ்மாக்ஸ் விஇ-க்கு, இயந்திரங்களை மாற்றும்போது எழும் தொடக்கச் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் விளக்குகிறது. ஹைப்பர்-வி, ஜென் ஆகியவற்றுக்கு உரிய வேறுபாடுகள் தனியே தரப்பட்டுள்ளன.

பின்னணி

விஎம்வேர் நிறுவனம் 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வழங்கிகளுக்கான இஎஸ்எக்ஸ் 2001-இல் வெளிவந்தது. ஜென் ஹைப்பர்வைசரின் முதல் பொது வெளியீடு 2003-இல் நிகழ்ந்தது. கேவிஎம் 2007-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் இணைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008-இல் வெளியானது. பிராக்ஸ்மாக்ஸ் விஇ-யின் முதல் பதிப்பும் அதே ஆண்டில் வந்தது.

பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. இதன் பிறகு சிறிய, நடுத்தர நிறுவனங்கள் பலவும் வேறு தளங்களை நாடத் தொடங்கின. 2024-இல் வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ் விஇ 8.2 பதிப்பு, இஎஸ்எக்ஸ்ஐ வழங்கியிலிருந்து இயந்திரங்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. அதனால் நகலெடுக்கும் வேலை எளிதாகிவிட்டது. நகலெடுத்த இயந்திரத்தைத் தொடங்க வைப்பதுதான் இப்போது கவனம் தேவைப்படும் பகுதி.

இயந்திரம் தொடங்கும் முறை

தொடக்கம் என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொறுப்பு மாறும் ஒரு தொடர் ஓட்டம் போன்றது. அதில் நான்கு கட்டங்கள் உள்ளன.

1. நிலைபொருள்: பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ. மெய்நிகர் வன்பொருளை எழுப்பி, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்கிறது.
2. தொடக்க ஏற்றி: லினக்ஸில் பெரும்பாலும் கிரப், விண்டோஸில் விண்டோஸ் பூட் மேனேஜர். கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது.
3. கெர்னலும் ஆரம்ப இயக்கிகளும்: லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ் எனும் சிறு கோப்பு முறைமை, விண்டோஸில் தொடக்க வகை இயக்கிகள். இவற்றின் உதவியால்தான் கெர்னல் வட்டைத் தானே படிக்கத் தொடங்குகிறது.
4. இயக்குதளச் சேவைகள்: பிற வட்டுகளை ஏற்றுதல், வலையமைப்பு, பயனர் நுழைவு முதலியன.

இவற்றுள் முதலிரண்டு கட்டங்களுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தொடக்க ஏற்றி வட்டைப் படிக்க நிலைபொருளின் உதவியை நாடுகிறது. ஆகவே வட்டு எந்தக் கட்டுப்படுத்தியில் இணைக்கப்பட்டிருந்தாலும், நிலைபொருளுக்கு அது தெரிந்திருந்தால் போதும். கெர்னல் பொறுப்பேற்றவுடன் அந்த உதவி நின்றுவிடுகிறது. அதன்பின் கெர்னலிடம் உரிய இயக்கி இருக்க வேண்டும். தொடக்கப் பட்டியல் சரியாகத் தோன்றி, கெர்னலும் ஏற்றப்பட்டு, அதற்குப் பிறகு வட்டைக் காணவில்லை என்ற செய்தி வருவதன் காரணம் இதுவே.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று அறிதல்

சிக்கலைத் தீர்ப்பதற்கு முன், இயந்திரம் எந்தக் கட்டம் வரை வந்தது என்பதைத் திரையிலிருந்து கண்டறிய வேண்டும். கீழ்க்காணும் குறிகள் அதற்கு உதவும்.

• தொடக்கச் சாதனம் இல்லை அல்லது இயக்குதளம் காணப்படவில்லை என்ற செய்தி: முதல் கட்டத்தில் நின்றுவிட்டது. நிலைபொருள் வகை, வட்டு வரிசை, வட்டுக் கோப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
• யுஇஎஃப்ஐ ஷெல் எனும் கட்டளைத் தூண்டி: யுஇஎஃப்ஐ இயங்குகிறது, ஆனால் தொடக்க ஏற்றி இருக்கும் இடம் அதற்குத் தெரியவில்லை.
• கிரப் ரெஸ்க்யூ தூண்டி: கிரப்பின் மையப் பகுதி ஏற்றப்பட்டது, ஆனால் அதன் கூறுகள் உள்ள வட்டுப் பிரிவைக் காணவில்லை.
• வெறும் கிரப் தூண்டி: கிரப் முழுமையாக உள்ளது, அமைவுக் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை.
• டிராகட் அல்லது பிசிபாக்ஸ் தூண்டி: கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஏற்றப்பட்டன, மூல வட்டு தெரியவில்லை. பெரும்பாலும் இயக்கிச் சிக்கல்.
• மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்று கூறி கெர்னல் பீதி நிலைக்குச் செல்லுதல்: இனிட்ராம்எஃப்எஸ் இல்லை அல்லது ஏற்றப்படவில்லை.
• விண்டோஸில் 7பி எண்ணுடைய நிறுத்தப் பிழை, அதாவது இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்: விண்டோஸ் கெர்னலுக்கு வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கி கிடைக்கவில்லை.
• லினக்ஸில் அவசர நிலை: மூல வட்டு ஏற்றப்பட்டுவிட்டது, வேறொரு வட்டோ பிரிவோ கிடைக்கவில்லை.
• நுழைவுத் திரை வருகிறது, ஆனால் வலையமைப்பில் இயந்திரம் தெரியவில்லை: தொடக்கம் முடிந்துவிட்டது, இது தொடக்கச் சிக்கலே அன்று.

இறுதியாகச் சொன்னது முக்கியமானது. பழைய முகவரிக்குப் பிங் அனுப்பிப் பதில் வராததை வைத்தே இயந்திரம் தொடங்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஹைப்பர்வைசரின் முனையத் திரையைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை.

நிலைபொருள் பொருந்தாமை

பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகள் படிக்கப்படுகின்றன. அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளத்துக்கும் உரியவை. யுஇஎஃப்ஐ முறையில் இந்த நிரலுக்கு வேலை இல்லை. வட்டிலுள்ள இஎஃப்ஐ சிஸ்டம் பிரிவு எனும் ஃபேட் வகைப் பிரிவிலிருந்து ஒரு நிரல் கோப்பு நேரடியாக ஏற்றப்படுகிறது. ஒரு முறையில் நிறுவப்பட்ட இயந்திரத்தை மற்ற முறையில் தொடங்க முயன்றால், தொடக்கச் சாதனமே இல்லாதது போல் தோன்றும்.

பிராக்ஸ்மாக்ஸில் கையால் புதிய இயந்திரம் உருவாக்கும்போது முன்னிருப்பாக சீபயாஸ் தேர்வாகிறது. விஎம்வேரிலிருந்து வரும் புதிய இயந்திரங்கள் பலவும் யுஇஎஃப்ஐ வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஓவிஎம்எஃப் எனும் யுஇஎஃப்ஐ நிலைபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூல இயந்திரம் எந்த வகை என்பதை அறிய மூன்று வழிகள் உள்ளன. விஎம்வேரின் விஎம்எக்ஸ் அமைவுக் கோப்பில் ஃபர்ம்வேர் எனும் வரியில் இஎஃப்ஐ என்று இருந்தால் அது யுஇஎஃப்ஐ. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரி இதைக் காட்டும். லினக்ஸில் சிஸ் கோப்பு முறைமையின் ஃபர்ம்வேர் கோப்புறைக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் அது யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கியுள்ளது என்று பொருள்.

தொலைந்துபோகும் தொடக்கப் பதிவுகள்

நிலைபொருள் வகை சரியாக இருந்தும் யுஇஎஃப்ஐ ஷெல் தோன்றுவதுண்டு. தொடக்க ஏற்றி எந்தக் கோப்பு என்ற குறிப்பு வட்டில் எழுதப்படுவதில்லை. என்விராம் எனும் தனி நினைவகத்தில் எழுதப்படுகிறது. மெய்நிகர் இயந்திரத்தில் இது வட்டுக் கோப்பிலிருந்து வேறான ஒரு சிறு கோப்பு. வட்டை மட்டும் நகலெடுத்தால் அந்தக் குறிப்பு பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

குறிப்பு இல்லாதபோது யுஇஎஃப்ஐ ஒரு மாற்று இடத்தைத் தேடும். இஎஃப்ஐ பிரிவில் இஎஃப்ஐ, பூட் ஆகிய கோப்புறைகளுக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை இயக்கும். விண்டோஸ் நிறுவும்போதே இந்த இடத்திலும் ஒரு நகலை வைத்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. டெபியன் முன்னிருப்பாக அப்படி வைப்பதில்லை. எனவே டெபியன் இயந்திரங்களில் இச்சிக்கல் மிகுதி.

இதைத் தீர்க்க, இயந்திரம் தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி நிலைபொருள் பட்டியலுக்குள் சென்று, பூட் மெயின்டெனன்ஸ் மேனேஜர் பகுதியில் கோப்பிலிருந்து தொடங்கும் வாய்ப்பைத் தேர்ந்து, ஷிம் அல்லது கிரப் கோப்பைக் காட்ட வேண்டும். இயக்குதளம் தொடங்கிய பின் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கருவியால் நிரந்தரக் குறிப்பை எழுதலாம். அல்லது கிரப்பை மாற்று இடத்திலும் நிறுவலாம். பிராக்ஸ்மாக்ஸில் இஎஃப்ஐ வட்டு எனும் சிறு வட்டை இயந்திரத்துடன் சேர்க்காவிட்டால் இந்தக் குறிப்பு நிலைக்காது.

செக்யூர் பூட்

செக்யூர் பூட் இயங்கும்போது, கையொப்பமிடப்படாத தொடக்க ஏற்றியை நிலைபொருள் நிராகரிக்கும். மூல இயந்திரத்தில் அது அணைக்கப்பட்டிருந்து, புதிய இயந்திரத்தில் இயக்கப்பட்டிருந்தால் தொடக்கம் தடைபடும். பிராக்ஸ்மாக்ஸில் முன்பே பதிந்த சாவிகளுடன் இஎஃப்ஐ வட்டை உருவாக்கினால் செக்யூர் பூட் இயங்கத் தொடங்கும். நிலைபொருள் பட்டியலில் அதை அணைப்பதோ, சாவிகள் இல்லாமல் இஎஃப்ஐ வட்டை மீண்டும் உருவாக்குவதோ தீர்வாகும்.

வட்டுக் கோப்பில் ஏற்படும் தவறுகள்

விஎம்வேர் விஎம்டிகே வடிவத்தையும், ஹைப்பர்-வி விஎச்டி, விஎச்டிஎக்ஸ் வடிவங்களையும், விர்ச்சுவல்பாக்ஸ் விடிஐ வடிவத்தையும், கேவிஎம் பெரும்பாலும் க்யூகவ்2 அல்லது ரா வடிவத்தையும் பயன்படுத்துகின்றன. க்யூஇஎம்யு-இமேஜ் கருவி இவற்றுக்கிடையே மாற்றித் தரும். மாற்றத்தின்போது கவனிக்க வேண்டியவை சில.

இஎஸ்எக்ஸ்ஐ-யில் ஒரு வட்டு இரு கோப்புகளாக இருக்கும். ஒன்று சில நூறு பைட்டுகளே கொண்ட விவரக் கோப்பு; மற்றொன்று ஃப்ளாட் என்று பெயரில் முடியும் தரவுக் கோப்பு. விவரக் கோப்பை மட்டும் கொண்டுவந்தால் வட்டே இராது.

ஸ்னாப்ஷாட்கள் உள்ள இயந்திரத்தில், அண்மைக் கால மாற்றங்கள் எல்லாம் வரிசை எண்ணிட்ட தனிக் கோப்புகளில் இருக்கும். அடிப்படை வட்டை மட்டும் மாற்றினால், ஸ்னாப்ஷாட் எடுத்த நாளில் இருந்த நிலைதான் கிடைக்கும். இது தொடங்கவும் கூடும் என்பதால் இன்னும் ஆபத்தானது. பல மாதப் பதிவுகள் காணாமல் போனதை எவரேனும் கவனிக்கும்வரை அது வெளியே தெரியாது. ஆகவே இடமாற்றத்துக்கு முன் எல்லா ஸ்னாப்ஷாட்களையும் ஒருங்கிணைத்துவிட வேண்டும்.

எதிர்த்திசையில் செல்லும்போதும் ஒரு சிக்கல் உண்டு. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் பயன்படுத்தும் விஎம்டிகே வகையை இஎஸ்எக்ஸ்ஐ அப்படியே ஏற்பதில்லை. விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கருவியால் அதை உள்ளிட்டு மாற்ற வேண்டும்.

பல வட்டுகள் உள்ள இயந்திரத்தில் வட்டு வரிசை மாறினாலும் தொடக்கம் நின்றுவிடும். பிராக்ஸ்மாக்ஸில் வட்டை இணைத்த பின், விருப்பங்கள் பகுதியில் தொடக்க வரிசையில் அதைத் தேர்வு செய்ய வேண்டும். இதை மறந்தால், எல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் வலையமைப்பிலிருந்து தொடங்க முயன்றுகொண்டே இருக்கும்.

லினக்ஸ் இயந்திரங்கள்

லினக்ஸ் கெர்னலில் வர்ட்ஐஓ இயக்கிகள் பல ஆண்டுகளாகவே உள்ளன. ஆகவே இயக்கி இல்லை என்பது சிக்கல் அன்று. அது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வைக்கப்படவில்லை என்பதே சிக்கல். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ், அதன் வழிவந்த வழங்கல்கள் ஆகியவற்றில் டிராகட் கருவி இதை உருவாக்குகிறது. இடத்தை மிச்சப்படுத்த, அது தான் இயங்கும் இயந்திரத்துக்குத் தேவையான இயக்கிகளை மட்டும் சேர்க்கிறது. விஎம்வேரில் உருவான கோப்பில் பிவிஸ்கஸி போன்ற விஎம்வேர் இயக்கிகள் இருக்கும், வர்ட்ஐஓ இராது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் முன்னிருப்பாகப் பெரும்பாலான இயக்கிகளும் சேர்க்கப்படுவதால் இவை எளிதில் இடம் மாறுகின்றன.

டிராகட் தூண்டியில் நின்ற இயந்திரத்தை மீட்கும் வழிகள் பின்வருமாறு.

முதலாவது, கிரப் பட்டியலில் ரெஸ்க்யூ என்று பெயருள்ள பதிவைத் தேர்ந்தெடுப்பது. இது இயக்குதளத்தை நிறுவியபோது உருவானது. எல்லா இயக்கிகளையும் கொண்டது. இதன் வழியே தொடங்கிவிட்டால், டிராகட் கருவியை எல்லாக் கெர்னல்களுக்கும் மறுஉருவாக்கும் விருப்பத்துடன் இயக்கி, மீண்டும் தொடங்கலாம். இப்போது அது புதிய வன்பொருளைக் கண்டு, உரிய இயக்கியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, வட்டைத் தற்காலிகமாகச் சாட்டா அல்லது பிவிஸ்கஸி கட்டுப்படுத்தியில் இணைப்பது. கேவிஎம் தளம் விஎம்வேரின் பிவிஸ்கஸி கட்டுப்படுத்தியையும் பின்பற்றிக் காட்ட வல்லது. இயந்திரம் தொடங்கியதும், ஹோஸ்ட் ஒன்லி முறையை விலக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கி, பின் வர்ட்ஐஓ-வுக்கு மாறலாம்.

மூன்றாவது, நிறுவல் வட்டின் மீட்பு முறையில் தொடங்கி, மூலப் பிரிவையும், பூட் பிரிவையும், இருந்தால் இஎஃப்ஐ பிரிவையும் ஏற்றி, சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே சென்று இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்குவது. கிரப்பும் பழுதடைந்திருந்தால் இதே இடத்திலிருந்து அதையும் நிறுவிக்கொள்ளலாம்.

சாதனப் பெயர்கள்

விஎம்வேரில் எஸ்டிஏ என்று இருந்த வட்டு, வர்ட்ஐஓ பிளாக் முறையில் விடிஏ என்றும், ஜென் தளத்தில் எக்ஸ்விடிஏ என்றும் மாறும். வர்ட்ஐஓ ஸ்கஸி முறையில் எஸ்டிஏ என்ற பெயரே தொடரும். எஃப்எஸ்டேப் கோப்பிலோ கெர்னல் வரியிலோ பழைய சாதனப் பெயர் நேரடியாக எழுதப்பட்டிருந்தால் தொடக்கம் தடைபடும். யுயுஐடி எனும் தனி அடையாள எண் அல்லது எல்விஎம் பெயர்கள் பயன்படுத்தப்பட்டிருந்தால் பாதிப்பு இல்லை. இடமாற்றத்துக்கு முன்பே எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து இவ்வாறு மாற்றிவைப்பது நல்லது.

அவசர நிலை தோன்றினால், எஃப்எஸ்டேப்பில் உள்ள ஏதோ ஒரு வரிக்குரிய வட்டு வரவில்லை என்று பொருள். சிஸ்டம்டி அந்த வட்டுக்காக முன்னிருப்பாக 90 நொடிகள் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குச் செல்லும். தேவையற்ற வட்டு என்றால் அந்த வரியில் நோஃபெயில் விருப்பத்தைச் சேர்த்தால் தொடக்கம் தொடரும். தேவையான தரவு வட்டு என்றால், அதை இணைக்காமல் சேவையைத் தொடங்கவிடக் கூடாது. தரவுத்தளம் ஒன்று காலிக் கோப்புறையில் புதிதாக எழுதத் தொடங்கிவிடலாம்.

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் எல்விஎம் தான் பயன்படுத்தும் வட்டுகளின் அடையாளங்களை ஒரு பட்டியல் கோப்பில் வைத்திருக்கிறது. ஹைப்பர்வைசர் மாறும்போது வட்டின் அடையாளமும் மாறுவதால், வட்டு கண்ணுக்குத் தெரிந்தும் அதிலுள்ள தொகுதிகள் செயல்படாமல் போகலாம். எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

விண்டோஸ் இயந்திரங்கள்

விண்டோஸில் வர்ட்ஐஓ இயக்கிகள் உள்ளிணைந்து வருவதில்லை. வர்ட்ஐஓ-வின் எனும் ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து அவற்றை நிறுவ வேண்டும். வர்ட்ஐஓ ஸ்கஸிக்கு விஐஓஸ்கஸி இயக்கியும், வர்ட்ஐஓ பிளாக்குக்கு விஐஓஸ்டோர் இயக்கியும் தேவை. இயக்கியை நிறுவினால் மட்டும் போதாது. அது தொடக்க வகை இயக்கியாகப் பதிவாகியிருக்க வேண்டும். விண்டோஸ் அக்கட்டுப்படுத்தியை ஒருமுறையேனும் நேரில் கண்டால்தான் இப்பதிவு வழக்கமாக நிகழும். விஎம்வேரில் இருக்கும்போதே இயக்கித் தொகுப்பை நிறுவிவிட்ட பின்னும் 7பி பிழை வருவதற்கு இதுவே காரணம்.

பரவலாகப் பின்பற்றப்படும் முறை பின்வருமாறு:

1. தொடக்க வட்டைச் சாட்டா கட்டுப்படுத்தியில் இணைத்து இயந்திரத்தைத் தொடங்குக. அண்மைய விண்டோஸ் பதிப்புகள் பெரும்பாலும் இதில் தொடங்கிவிடும். பழைய பதிப்புகளுக்கு ஐடிஇ பொருத்தம்.
2. ஒரு ஜிபி அளவுள்ள வெற்று வட்டொன்றை வர்ட்ஐஓ ஸ்கஸி கட்டுப்படுத்தியில் கூடுதலாக இணைக்குக.
3. விண்டோஸுக்குள் வர்ட்ஐஓ இயக்கிகளை நிறுவி, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் அந்த வெற்று வட்டு தெரிகிறதா என்று பார்க்குக. தெரிந்தால் இயக்கி உண்மையாகவே இயங்குகிறது.
4. இயந்திரத்தை முழுமையாக அணைத்து, வெற்று வட்டை நீக்கி, தொடக்க வட்டை வர்ட்ஐஓ ஸ்கஸிக்கு மாற்றி, தொடக்க வரிசையையும் சரிசெய்க.

பிராக்ஸ்மாக்ஸின் இறக்குமதி வசதியில் வர்ட்ஐஓ ஸ்கஸிக்கு ஆயத்தம் செய்யும் ஒரு விருப்பம் உள்ளது. அது முதல் படியைத் தானே செய்து தருகிறது.

சாட்டாவிலும் தொடங்க மறுத்தால், விண்டோஸ் மீட்புச் சூழலில் கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். டிஆர்விலோட் கட்டளையால் இயக்கியை அப்போதைக்கு ஏற்றினால் வட்டு கண்ணுக்குத் தெரியும். பிறகு டிஸ்ம் கருவியால் அந்த இயக்கியை வட்டிலுள்ள விண்டோஸுக்குள் சேர்க்கலாம். மீட்புச் சூழலில் வட்டு எழுத்துகள் மாறியிருக்கும். சி என்று எண்ணியது டி ஆக இருக்கலாம். முதலில் டிஸ்க்பார்ட்டில் தொகுதிகளைப் பட்டியலிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு முறையில் ஒருமுறை தொடங்கச் செய்வதும் பலருக்கு உதவியுள்ளது. அம்முறையில் விண்டோஸ் புதிய கட்டுப்படுத்தியைக் கண்டு பதிவைத் திருத்திக்கொள்கிறது.

விண்டோஸ் சர்வரில் தரவு வட்டுகள் இணைப்பற்ற நிலையில் தோன்றுவதும் உண்டு. இது சேதம் அன்று. புதிதாகக் காணும் வட்டுகள் பகிரப்பட்டவையாக இருக்கலாம் என்று கருதும் பாதுகாப்புக் கொள்கையின் விளைவே இது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றை ஆன்லைன் நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். அங்கே வட்டைத் தொடக்கநிலைப்படுத்தவா என்று கேட்கும் கேள்வி வந்தால் மட்டும் ஒப்புதல் தரக் கூடாது.

பிட்லாக்கரும் டிபிஎம்மும்

பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்ட வட்டின் சாவி, இயந்திரத்தின் மெய்நிகர் டிபிஎம் சில்லில் இருக்கும். வேறு ஹைப்பர்வைசருக்குச் செல்லும்போது அந்தச் சில்லின் உள்ளடக்கம் கூடவே வருவதில்லை. தொடங்கியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லையென்றால் வட்டைத் திறக்க வேறு வழி கிடையாது. இக்கட்டுரையில் கூறப்படும் சிக்கல்களில் தரவை உண்மையாகவே எட்டாத இடத்துக்குக் கொண்டுசெல்லக் கூடியது இதுவே. மூல இயந்திரம் இயங்கும்போதே மீட்பு எண்ணைப் பதிவு செய்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு இடமாற்றம் செய்ய வேண்டும்.

மையச் செயலக வகை

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-உம் அதன் வழிவந்தவையும் எக்ஸ்86-64-வி2 எனும் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. பதிப்பு 10-க்கு வி3 தேவை. பழைய பிராக்ஸ்மாக்ஸ் பதிப்புகளில் முன்னிருப்பாக இருந்த கேவிஎம்64 செயலக வகை இதை நிறைவு செய்வதில்லை. அப்போது ஜிலிப்சி நூலகம் பிழை கூறி, கெர்னல் பீதி நிலைக்குச் செல்லும். வட்டிலோ இயக்கியிலோ தேடுவதால் பயனில்லை. செயலக வகையை ஹோஸ்ட் என்றோ, பொருத்தமான மேல்வகை என்றோ மாற்றினால் உடனே தொடங்கிவிடும். பிராக்ஸ்மாக்ஸ் 8 முதல் புதிய இயந்திரங்களுக்கு எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் முன்னிருப்பாக உள்ளது.

தொடங்கியும் வலையமைப்பில் இல்லாமை

விஎம்வேரில் இஎன்எஸ்192 என்று பெயர் பெறும் வலையமைப்பு இடைமுகம் பிராக்ஸ்மாக்ஸில் பொதுவாக இஎன்எஸ்18 என்று மாறிவிடும். பழைய பெயருக்கு எழுதப்பட்ட நிலையான முகவரி புதிய இடைமுகத்துக்குப் பொருந்தாது. உபுண்டுவில் நெட்பிளான் கோப்பிலும், டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் பெயரைத் திருத்த வேண்டும். வலையமைப்புக்காகக் காத்திருக்கும் சேவை இருந்தால், தொடக்கம் இரண்டு நிமிடம் உறைந்ததுபோல் நின்று பின்னர் தொடரும்.

விண்டோஸில் பழைய அட்டை மறைந்த சாதனமாக நீடித்து, தன் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் செய்து அதை நீக்க வேண்டும்.

ஹைப்பர்-வி, ஜென் தளங்கள்

ஹைப்பர்-வியில் முதல் தலைமுறை இயந்திரங்கள் பயாஸ் முறையில், ஐடிஇ வட்டிலிருந்தே தொடங்கும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-உடன் அறிமுகமான இரண்டாம் தலைமுறை யுஇஎஃப்ஐ முறையில் ஸ்கஸி வட்டிலிருந்து தொடங்கும். உருவாக்கிய பின் தலைமுறையை மாற்ற இயலாது. ஆகவே ஹைப்பர்-விக்குள் கொண்டுவரும்போது மூல இயந்திரத்தின் வகையைப் பார்த்துத் தலைமுறையைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டாம் தலைமுறையில் செக்யூர் பூட் முன்னிருப்பாக இயங்கும். லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் யுஇஎஃப்ஐ சான்றிதழ் ஆணைய வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தொடக்க ஏற்றி நிராகரிக்கப்படும். விஎச்டி வடிவத்துக்கு ஏறத்தாழ 2 டிபி வரம்பு உண்டு; பெரிய வட்டுகளுக்கு விஎச்டிஎக்ஸ் வேண்டும்.

ஜென் தளத்தின் பழைய பாராவர்ச்சுவல் இயந்திரங்கள் தனி வகை. அவற்றின் கெர்னலை ஹைப்பர்வைசரே வெளியிலிருந்து ஏற்றியதால், வட்டுக்குள் தொடக்க ஏற்றி இல்லாமலேயே இருக்கலாம்; சிலவற்றில் பிரிவு அட்டவணைகூட இராது. இவற்றை கேவிஎம்முக்குக் கொண்டுவர, புதிய வட்டில் பிரிவுகளை உருவாக்கி, கோப்புகளை நகலெடுத்து, பொதுக் கெர்னலையும் கிரப்பையும் நிறுவ வேண்டும்.

தானியங்கிக் கருவிகள்

வர்ட்-வி2வி எனும் கட்டற்ற கருவி, விஎம்வேர், ஜென் ஆகியவற்றிலிருந்து வரும் இயந்திரங்களை கேவிஎம்முக்கு ஏற்ப மாற்றுகிறது. வட்டு வடிவத்தை மாற்றுவதோடு நில்லாமல், அணைந்த நிலையிலேயே வட்டுக்குள் சென்று லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுஉருவாக்குகிறது. விண்டோஸில் வர்ட்ஐஓ இயக்கிகளைச் சேர்க்கிறது. விண்டோஸ் உறக்க நிலையிலோ விரைவுத் தொடக்க முறையிலோ அணைக்கப்பட்டிருந்தால் இக்கருவியால் வட்டில் எழுத இயலாது. ஆகவே முழுமையாக அணைப்பது அவசியம்.

முன்னேற்பாடுகள்

இடமாற்றத்துக்கு முதல் நாளே செய்யக்கூடிய சில வேலைகள், மறுநாள் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

• நிலைபொருள் வகை, வட்டுகளின் எண்ணிக்கை, வரிசை, அளவு, வலையமைப்பு முகவரிகள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல்.
• காப்புநகல் எடுத்து, அது மீளக் கிடைக்கிறதா என்று சோதித்தல்.
• ஸ்னாப்ஷாட்களை ஒருங்கிணைத்தல்.
• லினக்ஸில் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்த்து, வர்ட்ஐஓ இயக்கிகளுடன் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குதல்.
• விண்டோஸில் விஎம்வேர் டூல்ஸை நீக்குதல். இடம் மாறிய பின் அதன் நீக்கும் நிரல் ஒத்துழைப்பதில்லை.
• பிட்லாக்கர் மீட்பு எண்ணையும், உள்ளக நிர்வாகிக் கடவுச்சொல்லையும் கையில் வைத்திருத்தல். வலையமைப்பு இல்லாதபோது டொமைன் கணக்கால் நுழைய முடியாமல் போகலாம்.
• முக்கியமற்ற ஓர் இயந்திரத்தை முதலில் மாற்றிப் பார்த்தல்.

பழுதுபார்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

தொடங்காத இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். நிலைபொருள், கட்டுப்படுத்தி, செயலகம் மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். வட்டுக்குள் எழுதும் எந்த வேலைக்கும் முன் மாற்றிய வட்டின் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டே தெரியாத நிலையில் கோப்பு முறைமைப் பழுதுநீக்கிகளை இயக்குவது வீண். பிரிவு அட்டவணையைக் கையால் மாற்றி எழுதுவது, நல்ல தரவை உண்மையாகவே கெடுத்துவிடும்.

மூல இயந்திரத்தையும் புதிய இயந்திரத்தையும் ஒரே வலையமைப்பில் ஒருசேர இயக்கக் கூடாது. முகவரி மோதல் அதன் சிறிய விளைவு. இரண்டும் தனித்தனியே பதிவுகளை ஏற்கத் தொடங்கிவிட்டால் அவற்றைப் பின்னர் ஒன்றுசேர்ப்பது அரிது. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலரில் பழைய நகல் மறுபடி இயங்கினால், பிற கன்ட்ரோலர்களுடனான ஒத்திசைவே முறிந்துபோகும்.

மூல இயந்திரத்தை அணைத்து, வலையமைப்பு இணைப்பைத் துண்டித்து, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். புதிய இயந்திரம் தொடங்காவிட்டால் திரும்பிச் செல்லும் வழி அதுதான். ஆனால் அவ்வழி, புதிய இயந்திரத்தில் பயனர்கள் வேலை செய்யத் தொடங்கும்வரைதான் இழப்பின்றித் திறந்திருக்கும். அதன்பின் திரும்பினால் இடையில் பதிந்தவை எல்லாம் போய்விடும். எனவே தொடக்கம், தரவு வட்டுகள், வலையமைப்பு, சேவைகள், காப்புநகல் ஆகிய ஐந்தும் சரியாக உள்ளன என்று உறுதி செய்த பிறகே பயனர்களை உள்ளே விட வேண்டும். ஒருமுறை தொடங்கியது போதாது. இன்னொருமுறை அணைத்துத் தொடங்கிப் பார்ப்பதும் இந்தச் சோதனையில் அடங்கும். ரெஸ்க்யூ பதிவின் வழியாகவோ, நிலைபொருள் பட்டியலில் கையால் கோப்பைக் காட்டியோ தொடங்கிய இயந்திரம் அடுத்த முறை யாரும் உடனில்லாத நள்ளிரவில் மீண்டும் நின்றுவிடக் கூடும்.